றூபியக்கா எழுதிய உ

றூபியக்காவின் இலக்கத்திலிருந்து மூன்று அழைப்புகள் வந்திருந்தன. நான் அப்போது சரசாலை நீரேரிக் கரையில் கமராவோடு குந்தியிருந்தேன். பறவைகள் கலையக் கூடாது என்று கைத்தொலைபேசியின் சத்தத்தை நிறுத்தி வைப்பது எங்கள் வழக்கம். வைகாசி வெயிலில் தண்ணீர் வற்றிப் போய், நாலைந்து நெடுங்கால் உள்ளான்களைத் தவிர வேறொன்றும் இல்லாத காலை. திரையில் அவருடைய பெயரைக் கண்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், வென்றுவிட்ட சந்தோஷம். மூன்று மாதமாக முகத்தைத் தூக்கி வைத்திருந்த மனுஷி கடைசியில் இறங்கி வந்துவிட்டார் என்று நினைத்தேன். அதனால் உடனே திருப்பி எடுக்கவில்லை. "கொஞ்சம் பொறுக்கட்டும்" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு உள்ளானைப் படம் பிடித்தேன். அரை மணி நேரம் பிடித்தேன்.

பிறகு எடுத்தபோது கதைத்தது அவருடைய தம்பியின் மகள் மெர்லின். "அன்ரி, மாமி மோசம் போயிட்டா" என்றாள். "காலமை தேத்தண்ணி வைக்கவெண்டு எழும்பினவ. குசினி வாசல்லை விழுந்து கிடந்தா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முதலே முடிஞ்சுது." நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. "நான் இப்ப எடுக்கத்தான் இருந்தனான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேனாம். மெர்லின்தான் பிறகு சொன்னாள்.

இந்த நினைவு மலரை வாசிக்கிற உங்களில் அநேகருக்கு அவர் றூபி ரீச்சர். சுன்னாகத்திலிருந்து முதலில் சைக்கிளிலும் பிறகு ஸ்கூட்டியிலும் மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போய், முப்பது வருடத்துக்கு மேல் கணிதம் படிப்பித்தவர். விடை சரியாக இருந்தாலும் படிமுறை எழுதாத பிள்ளைக்குப் புள்ளி போடாதவர். அந்தப் பெருமைகளையெல்லாம் அவருடைய மாணவிகளும் சபையாரும் எழுதுவார்கள். எனக்குத் தெரிந்தது சனிக்கிழமை றூபியக்கா மாத்திரம்தான். அவர் என்னிடம் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். பதில் தெரிந்தும் நான் சொல்லவில்லை. அதை எழுதாமல் அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுத என்னால் ஏலாது என்று மெர்லினிடம் முதலே சொல்லிவிட்டேன். "எழுதுங்கோ அன்ரி, மாமிக்குப் பொய்தான் பிடிக்காது" என்றாள்.

என்னையும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் சிவமணி. கொடிகாமத்துக்குக் கிட்ட ஓர் உப தபாலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவள். கலியாணம் கட்டவில்லை. கனடாவில் இருக்கிற தம்பி, எங்கள் பிள்ளையார் கோயில் திருவிழாவைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி நீண்ட லென்ஸோடு ஒரு கமரா அனுப்பினான். திருவிழா பத்து நாளில் முடிந்தது. மிச்ச நாளெல்லாம் கமராவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தோம். ஒரு சனிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு சரசாலைக்குப் போனேன்.

அன்றைக்கு அங்கே பூநாரைக் கூட்டம் ஒன்று நின்றது. அத்தனையை ஒரே இடத்தில் நான் முன்பு கண்டதில்லை. "ஐயோ, அந்தா!" என்று கையை நீட்டினேன். கூட்டம் முழுவதும் எழும்பிப் போய்விட்டது. எனக்குப் பின்னால் துணித் தொப்பி போட்ட ஒருவர் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து இறக்கினார்.

"விரலை மடக்கும்" என்றார். "நாக்கு இருக்குத்தானே?"

முன்பின் தெரியாத ஒருவர் இப்படிச் சொன்னால் எனக்குக் கோபம் வராதா? "இதென்ன, உங்கடை குளமோ?" என்று கேட்டேன்.

"இல்லை. உவையின்ரை" என்று தாடையால் என் பக்கம் காட்டினார். என் காலடியிலிருந்து பத்தடி தூரத்தில் பறக்காமல் மிஞ்சிய இரண்டு உள்ளான்கள் சேற்றைக் கிண்டிக்கொண்டிருந்தன. அதற்கு மேல் சண்டை பிடிக்க எனக்கு வழியில்லை.

அப்படித்தான் பழகினோம். சனிக்கிழமை தோறும் அவர் சுன்னாகத்திலிருந்து வருவார், நான் கொடிகாமத்திலிருந்து வருவேன். அவர் விரல் நீட்டி நான் ஒரு நாளும் கண்டதில்லை. பறவை தனக்குக் கிட்ட நின்றால் இது, இருவருக்கும் தூரத்தில் நின்றால் அது, என் பக்கமாக நின்றால் உது. "உதிலை, உம்மடை முழங்காலுக்கு நேரை" என்று மெல்லிய குரலில் சொன்னால் போதும், நான் குனிந்து படமெடுத்துவிடுவேன். யாழ்ப்பாணத்தில் பிறந்த நாங்கள் நினைக்காமலே கதைக்கிற மூன்று சொற்கள். அவற்றை வைத்து ஒரு குளத்தையே அளந்து காட்டலாம் என்பது எனக்கு அவரிடம்தான் தெரிந்தது.

கடைசி இரண்டு மூன்று வருடத்தில் அவருடைய கேள்விகள் கூடின. நான் கமராவைத் தூக்கிய உடனேயே "உது என்ன?" என்பார். பெயரைச் சொன்னாலும் விடமாட்டார். "சொண்டு என்ன நிறம்? எந்தப் பக்கம் பாக்குது? தனியவோ, சோடியோ?" நான் வாயைத் திறக்கிற நேரத்தில் பறவை போய்விடும்.

"றூபியக்கா, பென்ஷன் எடுத்து எத்தினை வருசம்? இன்னும் சோதினை வைக்கிறியள்" என்று எரிந்து விழுவேன்.

"படிமுறை சொல்லாட்டில் புள்ளி இல்லைக் காணும்" என்று சிரிப்பார்.

அவரிடம் ஒரு தடித்த கொப்பி இருந்தது. கண்ட பறவைகளையெல்லாம் வீட்டுக்குப் போகுமுன் அதில் எழுதிக்கொள்வார். ஒரு நாள் ஆலமர நிழலில் அவர் தண்ணீர் குடிக்கும்போது கொப்பி மடியில் விரிந்து கிடந்தது. எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் உ, உ, உ என்று இருந்தது. நாங்கள் சைவக்காரர். எதை எழுதினாலும் முதலில் ஓர் உ போட்டுப் பிள்ளையாரைக் கூப்பிட்டுவிட்டுத்தான் எழுதுவோம். தபாலகத்தில் இருந்த காலத்தில் பேரேட்டில்கூட நான் போட்டிருக்கிறேன். ஆனால் இவர் ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிற மெதடிஸ்தக் குடும்பத்து மனுஷி.

"என்ன றூபியக்கா, வரிக்கு வரி பிள்ளையார் சுழி போடுறியள்? பாதிரியார் கண்டால் என்ன சொல்லுவார்?" என்றேன்.

அவர் கொப்பியை மூடினார். "உம்மோடை திரிஞ்சால் உப்பிடித்தான்" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இந்தப் பகிடியை எங்கள் கோயிலில் பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பேன்.

அந்த நாட்களில்தான் அவர் ஸ்கூட்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் வரத் தொடங்கினார். "ஸ்கூட்டி பழுது" என்றார். மூன்று வருடமாக அந்த ஸ்கூட்டி பழுதாகவே இருந்தது. என்ன பழுது என்று நான் ஒரு தரமும் கேட்கவில்லை.

மலைநாட்டுக்குப் போவோம் என்றது அவர்தான். போன மாசியில். "ஒருக்காப் போட்டு வருவம், மணி. ஏரி இருக்கு, பைன் காடு இருக்கு, எங்களிட்டை இல்லாத குருவியெல்லாம் இருக்கு. நீர் படமெடும், நான் பாக்கிறன்." ஐந்து நாள் விடுமுறை. நான் பிறந்து வளர்ந்தது வெளியிலும் வயலிலும். மலை என்றால் எனக்குப் படத்தில் கண்டதுதான். அதற்காகக் கம்பளிச் சட்டை ஒன்று வாங்கினேன். அதை அவர் தடவிப் பார்த்து, "என்ன நிறம்?" என்று கேட்டார். வெளிச்சம் போதாமல் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு "மண்ணிறம்" என்றேன்.

நுவரெலியாவுக்கு வெளியே ஓர் ஏரிக்கு மேல், சரிவில் இருந்த சின்ன விடுதியில் தங்கினோம். எங்களைக் கூட்டித் திரிந்தவர் செல்வராஜ் என்ற ஓட்டோக்காரர், ஐம்பது வயது இருக்கும், அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். விடிய ஐந்தரைக்கு வந்து குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்பார். முதல் இரண்டு நாளும் ஏரிக்கரை, மரக்கறித் தோட்டம், சின்னச் சோலை என்று நாங்கள் சுற்றிய இடமெல்லாம் சத்தம் போடாமல் எங்களுக்குப் பின்னால் நடந்தார். இரண்டாம் நாள் பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த உதுங்கிற குருவி எவ்வளவு பெருசு இருக்கும்? நீங்க ரெண்டு பேரும் நேத்துலயிருந்து உது எங்க, உது என்ன, உது போயிருச்சுன்னு தேடிக்கிட்டே இருக்கீங்க. எனக்கும் மனசு கேக்கல. என் மச்சானுக்குப் போன் போட்டுக் கேட்டேங்க. ஹோட்டன் சமவெளிப் பக்கம் போனா உது பாக்கலாம்னு சொல்றாரு."

றூபியக்காவுக்கு வந்த சிரிப்பில் தேத்தண்ணி சட்டையில் கொட்டுண்டது. நான் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தேன். பாவம், மனுஷன் முழித்துக்கொண்டு நின்றார். அந்த மச்சான் எந்தக் குருவியை நினைத்துச் சொன்னாரோ, அது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சிரிப்பு அடங்கினதும் றூபியக்கா அவரைப் பக்கத்தில் இருத்திச் சொன்னார்.

"தம்பி, உது பெரிசாயும் இருக்கும், சின்னனாயும் இருக்கும். ஆனால் தனியப் போனால் காணேலாது. உதுக்கு ரெண்டு பேர் வேணும்."

செல்வராஜ் அதையும் நம்பித் தலையாட்டினார். பிறகு மலைநாட்டுக் கதைப்பில் இல்லாத அந்தச் சொல்லை நான் விளக்கிச் சொன்னபோது அவரும் சேர்ந்து சிரித்தார். அந்த ஐந்து நாளில் நான் முழுமனதாகச் சந்தோஷமாக இருந்தது அந்தப் பின்னேரம்தான். அதற்குப் பிறகு இவ்வளவு காலமாக நான் அப்படிச் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் விடிய பைன் காட்டுக்குப் போனோம். நான் நினைத்ததுபோல் அது இல்லை. உயரமான மரங்கள் வரிவரியாக நிற்கின்றன. கீழே பற்றை இல்லை, பூ இல்லை, காய்ந்த ஊசியிலை மாத்திரம் மெத்தைபோல் கிடக்கிறது. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. "இதென்ன காடு? மரம் நிறைய நிக்குது, ஒரு வீட்டிலையும் ஆக்கள் இல்லை" என்றார் றூபியக்கா. ஆனாலும் அவருக்கு அந்த இடம் பிடித்திருந்தது. "நடக்க நல்லாயிருக்கு, கால் ஒண்டிலும் தட்டுப்படாது" என்றார். குளிருது என்று என் கம்பளிச் சட்டையின் கைப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தார். படமெடுக்க இடைஞ்சலாக இருக்கிறதே என்று நான் மனதுக்குள் முணுமுணுத்தேன்.

காட்டின் கரையில் ஒரு நீரோடை. பனிப்புகார் இன்னும் கலையவில்லை. அந்த மலைகளில் நீலப் பூங்குருவி என்று ஒன்று இருக்கிறது. இலங்கையை விட்டால் வேறெங்கும் இல்லை. கருநீலமாக, நிழலிலேயே ஒளித்துத் திரியும், விடியும் நேரத்தில் ஓடைக் கரைக்கு வரும் என்று விடுதியில் சொல்லியிருந்தார்கள். ஓடைக்கு நடுவில் ஒரு கல். கல்லுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு தலை, பிறகு கழுத்து. நான் மெல்ல முழங்காலில் இருந்து லென்ஸைத் திருகினேன்.

"உது என்ன?" என்றார் காதுக்குள்.

நான் கமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மணி, உது என்ன? என்ன நிறம்? சொல்லும் காணும்."

"சும்மா இருங்கோ" என்றேன்.

"எதிலை நிக்குது? கல்லிலையோ?"

எனக்கு வந்தது பாருங்கள் ஒரு விசர். "உங்களுக்குக் கண் இல்லையோ? முன்னாலைதானே நிக்குது, நீங்களே பாருங்கோவன்! நான் உங்கடை வகுப்புப் பிள்ளை இல்லை" என்று கத்தினேன். அந்தக் காட்டில் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று கத்திய பிறகுதான் தெரிந்தது.

பறவை எழும்பியது. எழும்பும்போது செட்டையில் பளிச்சென்று வெள்ளைக் கோடு, வாலின் இரு கரையிலும் வெள்ளை. அது நீலப் பூங்குருவி அல்ல. குண்டுக்கரிச்சான். சுன்னாகத்தில் றூபியக்கா வீட்டு மதிலிலும், கொடிகாமத்தில் என் கிணற்றுக் கட்டிலும் நாள் தவறாமல் வந்து வாலாட்டுகிற அதே குண்டுக்கரிச்சான். அதைப் பார்க்க நாங்கள் நுவரெலியா வரை போயிருக்கத் தேவையில்லை.

"போட்டுது போலை" என்றார் றூபியக்கா. அது அவருடைய மூக்குக்கு முன்னால்தான் பறந்தது. ஏன் 'போலை' என்கிறார் என்று எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. ஒரு குண்டுக்கரிச்சானுக்காகவா இந்த மனுஷியைக் கடித்துக் குதறினேன் என்ற வெட்கம் எனக்கு. வெட்கம் வந்தால் எனக்கு வாய் பூட்டிக்கொள்ளும். அன்று பின்னேரமே படங்களை அழித்தேன். இன்னதுதான் என்று அவரிடம் சொல்லவில்லை. அவர் பார்த்திருப்பார்தானே, பார்த்துவிட்டு உள்ளுக்குள் சிரித்திருப்பார்தானே என்பதுதான் என் எண்ணம்.

மிச்ச இரண்டு நாளும் அவர் "உது என்ன?" என்று கேட்கவில்லை. தொலைநோக்கியைக் கழுத்தில் போட்டபடி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வராஜ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திரும்பி வரும்போது ஆனையிறவில் கூழைக்கடாக் கூட்டம் ஒன்று வானில் எங்களுக்குத் துணையாகக் கொஞ்சத் தூரம் பறந்து வந்தது. நான் அவரைத் தட்டிக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. கொடிகாமத்தில் நான் இறங்கியபோது "போட்டு வாறன்" என்றேன். "ஓம், கவனம்" என்றார். நான் அவரைக் கடைசியாக உயிரோடு கண்டது அங்கேதான்.

மூன்று மாதமாக அவர் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார் என்று தொடக்கத்தில் எழுதினேன். அது பொய். சனிக்கிழமைகளில் "எனக்குக் காய்ச்சல்", "வீட்டிலை வேலை" என்று சொல்லித் தட்டிக் கழித்துவிட்டு, வேறு நாளில் தனியப் போய் வந்தது நான். அவர் இரண்டு தரம் தொலைபேசியில் எடுத்தார். இரண்டு தரமும் "மணி, அண்டைக்கு அந்த ஓடையடியிலை..." என்று தொடங்கினார். முதல் தரம் "அடுப்பிலை பால் வைச்சிருக்கிறன் அக்கா" என்றேன். இரண்டாம் தரம் ஆரோ வந்திருக்கினம் என்றேன். என் வீட்டுக்கு யார் வருகிறார்கள்?

செத்தவீட்டுக்குப் போனேன். பெட்டியில் அவர் வெள்ளைச் சேலையில் கிடந்தார். பாட்டும் ஜெபமும் முடிந்து எல்லோரும் சேமக்காலைக்குப் புறப்பட்டார்கள். எங்கள் வழக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. கிறிஸ்தவச் சனத்தில் பெண்களும் குழியடி வரை போய் மண் போடுவார்கள். நானும் அவர்களோடு நடந்தேன். ஆனால் சேமக்காலை வாசலுக்கு வந்ததும் என் கால் நின்றுவிட்டது. அறுபது வருடப் பழக்கம். மெர்லின் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் கேற்றைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றேன்.

எட்டு நாள் கழித்து அவருடைய வீட்டுக்குப் போனேன். மெர்லின் அலுமாரியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். மேசையில் வரிசையாகக் கண்ணுக்கு விடும் மருந்துப் போத்தல்கள்.

"இதெல்லாம் ஆற்றை?" என்று கேட்டேன்.

"மாமியின்ரைதான். கண் அமுக்கம். இடக்கண் போய் மூண்டு வருசம். வலக்கண்ணிலும் கொஞ்சம்தான் கிடந்தது, அதுவும் நேர்ப்பக்கம் இல்லை." அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அன்ரி, கடைசி வரைக்கும் உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

"ஏன் சொல்லேல்லை எண்டு ஒருக்கா மாமியைக் கேட்டனான்" என்றாள் மெர்லின். "சொன்னால் மணி கமராவை வைச்சிட்டு என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு திரிவா. பேந்து ரெண்டு பேருக்கும் ஒண்டும் தெரியாமல் போயிடும் எண்டவ. மலைநாட்டுக்கும், கிடக்கிற கொஞ்சமும் போக முதல் ஒருக்காப் போகோணும் எண்டுதான் வந்தவ."

பிறகு அந்தக் கொப்பியைக் கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். முதல் பக்கத்தில், கரும்பலகையில் எழுதிப் பழகிய அந்த அழகான கையெழுத்தில் மூன்று வரி இருந்தது.

இ – எனக்குக் கிட்ட.
அ – இருவருக்கும் தூரம்.
உ – மணிக்குக் கிட்ட.

தொடக்கப் பக்கங்களில் மூன்று எழுத்தும் கலந்து இருந்தன. போகப் போக இ குறைந்தது. பிறகு அ இல்லாமல் போனது. கடைசி மூன்று வருடமும் உ மாத்திரம்தான். உ, மஞ்சள்மூக்கு நாரை, தனிய, வடக்குப் பார்த்து நின்றது. உ, உள்ளான், சோடி, கால் சிவப்பு. நான் சலித்துக்கொண்டு எறிந்த ஒவ்வொரு சொல்லும் அங்கே இருந்தது. அந்த உ எழுத்தைப் பிள்ளையார் சுழி என்று சொல்லிச் சிரித்தவள் நான். கையெழுத்து பக்கத்துக்குப் பக்கம் பெரிதாகி, கடைசியில் ஒரு பக்கத்தில் நாலு வரிதான் கொண்டது. கடைசிப் பக்கத்தில் தடித்த பேனையால் இப்படி எழுதியிருந்தார்:

பைன் காட்டுக் கரை, ஓடை. உ –

அதற்குப் பிறகு வெறும் இடம். அதன் கீழே, கோணலாக: மணியிடம் பிறகு கேட்க வேண்டும்.

அவருக்கு என்னில் கோபமே இருக்கவில்லை. அந்த ஒரு வரியை நிரப்பத்தான் இரண்டு தரம் எடுத்திருக்கிறார். நான் அந்த அரிய பறவையைக் கண்டேன், கண்டுவிட்டு அவருக்குச் சொல்லாமல் எனக்கே வைத்துக்கொண்டேன் என்று நினைத்தபடி போயிருப்பாரோ? மெர்லினுக்கு முன்னால் நான் குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதேன். அவள் கொப்பியை என்னிடமே தந்தாள்.

இப்போதும் சனிக்கிழமைகளில் சரசாலைக்குப் போகிறேன். மற்றப்படி எங்கே போவது? கமராவைத் தூக்குவேன், பிறகு இறக்கிவிடுவேன். காதுக்குள் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. எனக்குக் கிட்ட நிற்பது இது, தள்ளி நிற்பது அது. அதோடு முடிந்துவிடுகிறது. ஒரு நாள் வாய் தவறி "உதிலை..." என்று தொடங்கிவிட்டேன். பக்கத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் "என்னக்கா, என்னோடையோ கதைச்சனீங்கள்?" என்று கேட்டார். "இல்லைப் பிள்ளை" என்றேன்.

போன கிழமை பஸ் எடுத்துச் சுன்னாகம் போனேன். சேமக்காலை வாசலில் கால் அன்றைக்குப் போலவே நின்றது. பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே போனேன். என் வாழ்நாளில் அப்படியான ஓர் இடத்துக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தரம். றூபியக்காவின் குழியில் மண் இன்னும் இறுகவில்லை. தலைமாட்டில் பெயர் எழுதிய மரச் சிலுவை. ஒரு குண்டுக்கரிச்சான் வந்து மதிலில் நிற்காதா என்று கனநேரம் பார்த்தேன். வேண்டாத நேரமெல்லாம் வருகிற அந்தச் சனியன் அன்றைக்கு வரவில்லை. வந்தது ஒரு காகம். சிலுவைக்குப் பக்கத்தில் இறங்கி, தலையைச் சரித்து என்னைப் பார்த்தது.

"உது காகம், அக்கா" என்றேன். "தனியத்தான் நிக்குது. கறுப்பு. என்ரை பக்கம் பாக்குது." காகம் பறக்க முதல் மிச்சத்தையும் சொன்னேன். "அண்டைக்கு ஓடையிலை நிண்டது குண்டுக்கரிச்சான். வேறையொண்டும் இல்லை. உங்கடை மதில்லை வாற அதே குண்டுக்கரிச்சான்தான்."

மண்ணில் குந்தியிருந்து கொப்பியைத் திறந்தேன். வெறுமையாகக் கிடந்த இடத்தில் 'குண்டுக்கரிச்சான்' என்று எழுதினேன். அடுத்த வரியில் காகத்தை எழுதினேன். அதைக் கண்டது நான்தான். ஆனாலும் அதற்கு முன்னால் இ போடவில்லை. அது றூபியக்காவுக்குக் கிட்ட நின்றது. உ என்றுதான் போட்டேன்.